முப்பது மைக்ரோ நொடி உலை

செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். 2562 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். டங்ஸ்டன் உருகத் தொடங்குவதற்கே 3422 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே மூசையில் போட்டு உருக்கிக் கலக்க நினைத்தால், டங்ஸ்டன் இளகும் முன்பே செம்பு முழுவதும் ஆவியாகிப் போயிருக்கும். எப்படியோ இரண்டையும் திரவமாக்கிச் சேர்த்தாலும் பயனில்லை. ஒன்றில் மற்றொன்று கரையாது. ஆனாலும் தொழிற்சாலைகளுக்கு இந்த ஜோடி தேவைப்படுகிறது. உயர் மின்னழுத்தச் சுவிட்சுகளில் பொறி தாவும் முனைகளில் மின்சாரத்தைக் கடத்த செம்பு வேண்டும், பொறியின் சூட்டைத் தாங்க டங்ஸ்டன் வேண்டும்.

இப்படி ஒத்துப்போகாத ஜோடிகளைச் சேர்த்து வைக்க உலோகவியலாளர்கள் உருக்குவதைக் கைவிட்டுத் தூளை நாடினார்கள். தூளை அச்சில் இட்டு அழுத்தி, உருகுநிலைக்குக் கீழே மணிக்கணக்கில் சூட்டில் வைத்தால், துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அணுக்கள் மெல்ல நகர்ந்து பாலம் கட்டும். இதுதான் சின்டரிங். பிளாட்டினத்தை உருக்க ஏற்ற உலை இல்லாத காலத்தில் லண்டனில் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் அதன் தூளை அழுத்தி, சூடாக்கி, சம்மட்டியால் அடித்துக் கட்டியாக்கினார். நல்ல வருமானம் தந்த அந்தச் செய்முறையைப் பல ஆண்டுகள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். அது 1829-இல் அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. பிற்பாடு மின்விளக்கின் டங்ஸ்டன் இழையும் தூளிலிருந்துதான் பிறந்தது. டங்ஸ்டன்-செம்பு முனைகளுக்கும் வழி கிடைத்தது: டங்ஸ்டன் தூளை நுண்துளைகள் உள்ள கூடாகக் கட்டிக்கொண்டு, அந்தத் துளைகளில் உருகிய செம்பை ஊறவிட்டார்கள்.

சின்டரிங்கின் கஷ்டம் வெப்பத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மணிக்கணக்கில் சூட்டில் கிடக்கும் தூளில், வேண்டிய பாலங்களோடு வேண்டாத வேலைகளும் நடக்கும்.

அலுமினியத்தையும் சிலிக்கன் கார்பைடையும் எடுத்துக்கொள்வோம். முன்னது எடை குறைந்தது, ஆனால் மென்மையானது. பின்னது உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் கடினமான பொடி. ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கன் கார்பைடு சேர்த்த அலுமினியம் தேய்மானத்தைத் தாங்கும், எளிதில் வளையாது, எடையும் அதிகம் கூடுவதில்லை. விமானத் துறையும் வாகனத் துறையும் இதன்மேல் கண்வைத்ததற்குக் காரணம் இதுவே. ஆனால் ஒவ்வொரு அலுமினியத் துகளும் காற்று பட்ட கணத்திலேயே அலுமினா என்னும் ஆக்சைடுப் போர்வையைப் போர்த்திக்கொண்டுவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்தப் போர்வை உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். சூட்டை ஏற்றி, அலுமினியத்தை உருக்கியே சேர்த்துவிடலாம் என்று முயன்றால் வேறு வம்பு. உருகிய அலுமினியம் சிலிக்கன் கார்பைடைத் தின்று அலுமினியம் கார்பைடாக மாறும். அது நொறுங்கும் தன்மையுள்ளது. ஈரம் பட்டால் மீத்தேன் வாயுவை விட்டுக்கொண்டு சிதையும். பலம் சேர்க்கப் போட்ட பொருளே உள்ளிருந்து அரிக்கும் பொருளாகிவிடுகிறது.

ஆகவே மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்க வேண்டும். ஆக்சைடுப் போர்வை கிழிய வேண்டும். துகளின் மேல்தோல் மட்டும் உருக வேண்டும். வேதிவினை தொடங்குவதற்குள் எல்லாம் குளிர்ந்துவிட வேண்டும். இத்தனையையும் ஒரே மூச்சில் செய்யக்கூடிய உலை, வெடிமருந்து.

பார்ப்பதற்கு ஏற்பாடு மிக எளிமையானது. மெல்லிய எஃகுக் குழாயில் தூளைக் கெட்டித்து, இரு முனைகளையும் எஃகு அடைப்பால் மூடுகிறார்கள். அதைவிட அகலமான பிளாஸ்டிக் அல்லது அட்டைக் குழாயின் நடுவில் இதை நிறுத்தி, சுற்றியுள்ள இடைவெளியில் வெடிமருந்தை நிரப்புகிறார்கள். உச்சியில் ஒரு டெட்டனேட்டர். அது வெடித்ததும் வெடிப்பு அலை மேலிருந்து கீழாகக் குழாயைத் தழுவிக்கொண்டே ஓடும். அலை கடந்த இடத்தில் குழாய் எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி நசுங்கும். தூளுக்குள் ஒரு அதிர்ச்சி அலை அச்சை நோக்கிப் பாயும். வெடிப்பு நொடிக்கு 3000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து சென்டிமீட்டர் நீளக் குழாயைக் கடக்க அதற்கு 33 மைக்ரோ நொடிதான் ஆகும். மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

வெடிமருந்து எவ்வளவு சக்தி வாய்ந்ததோ அவ்வளவு நல்லது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். உண்மையில் வெடிமருந்தின் சக்தி அப்படியொன்றும் பெரியதில்லை. ஒரு கிலோ டிஎன்டி வெளிவிடும் ஆற்றல், ஒரு கிலோ மண்ணெண்ணெய் எரிந்து தருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதன் பெருமை அதை வெளிவிடும் அவசரத்தில் இருக்கிறது. அந்த அவசரமும் இங்கே அளவோடுதான் வேண்டும். டிஎன்டி வெடிப்பு நொடிக்குச் சுமார் 6900 மீட்டர் பாயும். தூளைக் கட்டியாக்குவோர் தேடுவது 2000 முதல் 4000 மீட்டர் வரை ஓடும் சோம்பேறி ரகங்களை. கல்குவாரிகளில் புழங்கும் அம்மோனியம் நைட்ரேட் வகைகளே பெரும்பாலும் இந்த வேலைக்கு வருகின்றன.

தூளுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிக்கொடுக்கும். அறுபது விழுக்காடு அடர்த்திக்குக் கெட்டித்த ஒரு கிலோ அலுமினியத் தூள் சுமார் 0.62 லிட்டர் இடத்தை அடைக்கும். அதே அலுமினியம் திடக்கட்டியாக இருந்தால் 0.37 லிட்டர் போதும். மீதி கால் லிட்டர் வெறும் காற்று. மூன்று கிகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் முப்பதாயிரம் மடங்கு, அந்த இடைவெளியை மூடும்போது தூளில் தங்கும் ஆற்றல் அழுத்தத்தையும் சுருங்கிய கன அளவையும் பெருக்கியதில் பாதி. 19-ஆம் நூற்றாண்டில் ராங்கினும் ஹுகோனியோவும் அதிர்ச்சி அலைகளுக்குத் தந்த சமன்பாடுகளிலிருந்து வருவது இது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3.7 லட்சம் ஜூல். இது தூள் முழுவதும் சமமாகப் பரவினால் சூடு 400 டிகிரி போலத்தான் ஏறும்; எதுவும் உருகாது. ஒரு கிலோ அலுமினியத்தை அறை வெப்பத்திலிருந்து முழுவதும் உருக்க பத்து லட்சம் ஜூலுக்கு மேல் வேண்டும்.

ஆனால் ஆற்றல் சமமாகப் பரவ நேரம் இல்லை. துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதி, உராய்ந்து, இடுக்குகளுக்குள் பிதுங்கி வழிகின்றன. உருக்குலைவு முழுவதும் மேல்தோலில் நடப்பதால் சூடும் அங்கேயே குவிகிறது. ஆக்சைடுப் போர்வை துண்டுதுண்டாகக் கிழிந்து, அடியிலிருந்த பச்சை உலோகம் வெளிப்படுகிறது. சில மைக்ரோமீட்டர் தடிப்புக்கு மேல்தோல் உருகுகிறது. துகளின் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கிறது. பொரி உருண்டையில் பொரியைப் பிடித்துவைப்பது மேலே பூசிய வெல்லப்பாகு. இங்கே ஒவ்வொரு பொரியும் தன் பாகைத் தானே சுரந்துகொள்கிறது. உருகிய தோலின் சூட்டை அதை ஒட்டியிருக்கும் குளிர்ந்த நடுப்பகுதி உடனே இழுத்துக்கொள்ளும். நொடிக்குக் கோடிக்கணக்கான டிகிரி என்ற வேகத்தில் அது உறைகிறது. சிலிக்கன் கார்பைடைத் தின்ன அலுமினியத்துக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

இந்த வழியை முதலில் முயன்றவர்கள் ஆயுத ஆய்வுக்கூடக்காரர்கள் என்பதில் வியப்பில்லை. வெடிமருந்தும், வெடிக்க இடமும் அவர்களிடம்தானே இருந்தன? 1958-இல் லா ரோக்கா, பியர்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெடியால் இயங்கும் ஓர் அழுத்தப் பொறியை விவரித்து எழுதினார்கள். சோவியத் ஒன்றியத்திலும் அதே பத்தாண்டில் இத்தகைய சோதனைகள் தொடங்கிவிட்டன. ஆனால் வெடித்த குழாயை அறுத்துப் பார்த்தவர்களுக்குப் பல நேரம் ஏமாற்றமே காத்திருந்தது. வெடி போதாமல் போனால், ஓரம் கெட்டிப்பட்டு நடு தூளாகவே நின்றது. வெடி மிஞ்சினால், நடு அச்சில் மேலிருந்து கீழ்வரை ஒரு துளை விழுந்தது.

அந்தத் துளைக்குக் காரணம் அலைகள் குவியும் விதம். சுற்றிலுமிருந்து வரும் அதிர்ச்சி அலை அச்சை நெருங்க நெருங்க வலுக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் நடுவில் சாய்வில்லாத தனி அலைமுகம் ஒன்று உருவாகி, கீழ்நோக்கிப் பாய்ந்து, வழியிலுள்ள பொருளை உருக்கித் துப்பிவிடும். மாக் தண்டு என்று இதற்குப் பெயர். இதைத் தவிர்க்க ஒரு வழி, அச்சில் ஓர் உலோகக் கம்பியை நிறுத்திவிடுவது. மார்க் மேயர்ஸ், வாங் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட இன்னொரு வழி, தூள் அடைத்த குழாய்க்கு வெளியே சிறு இடைவெளி விட்டு இரண்டாவது குழாய் ஒன்றைச் செருகுவது. வெடிமருந்து வெளிக்குழாயை எறிகிறது. அது பறந்து வந்து உள்குழாயை அறைகிறது. வேகம் குறைந்த வெடிமருந்தை வைத்துக்கொண்டே தூளில் அதிக அழுத்தம் எழுப்ப இது வழி செய்தது, விரிசல்களும் குறைந்தன.

விரிசல்தான் இந்தத் துறையின் தீராத தலைவலி. அழுத்துவதில் பெரிய சிரமம் இல்லை. அழுத்தம் விலகும்போதுதான் ஆபத்து. அதிர்ச்சி அலை குழாயின் மறுபக்கத்தை எட்டித் திரும்பும்போது, அழுத்தும் அலை இழுக்கும் அலையாக மாறிவிடுகிறது. இரண்டு இழுப்பு அலைகள் சந்திக்கும் இடத்தில், அப்போதுதான் உறைந்த மெல்லிய ஒட்டுகள் பிய்ந்துபோகும். இன்னும் உறையாமலேயே இருந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஷ்வார்ஸ், கசிராஜ், வ்ரீலண்ட், ஆரன்ஸ் ஆகியோர் 1984-இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இதுதான்: உருகிய தோல் உறையும் வரை அழுத்தம் பிடித்து நிற்க வேண்டும். உறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பது துகளின் அளவையும் வெப்பக் கடத்தலையும் பொறுத்தது. அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வெடிமருந்தின் தடிப்பைப் பொறுத்தது. இந்த இரண்டு கடிகாரங்களையும் ஒத்துப்போக வைப்பதில்தான் கைவண்ணம் இருக்கிறது.

நேரமின்மையே வரமாக அமைந்த பொருள்களும் உண்டு. 1960-இல் கால்டெக்கில் போல் டுவேயின் குழு, உருகிய தங்க-சிலிக்கன் கலவையை மின்னல் வேகத்தில் குளிர்வித்து, படிகம் அமையாத உலோகத்தை உருவாக்கியது. அணுக்கள் வரிசைகட்டும் முன்பே உறைந்துவிட்ட உலோகக் கண்ணாடி அது. அந்தக் குளிர்ச்சி கிடைக்க வேண்டுமானால் பொருள் மெல்லிய நாடாவாகவோ தூளாகவோ இருந்தாக வேண்டும். அந்தத் தூளைச் சின்டரிங் உலையில் வைத்தால் படிகம் கட்டி, கண்ணாடித் தன்மை போய்விடும். வெடி அழுத்தத்தில் தோல் உருகி மறுபடியும் அதே வேகத்தில் உறைவதால், கண்ணாடி கண்ணாடியாகவே கட்டியாயிற்று.

1987-இல் இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு திரவ நைட்ரஜன் குளிரிலேயே மின்தடை இழக்கும் மீகடத்தி என்று தெரியவந்து உலகமே பரபரத்தபோது, வெடிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நொறுங்கும் அந்தச் செராமிக் தூளைச் செம்புக்குள் வைத்து வெடியால் அழுத்தி, உலோகத்தோடு இணைந்த மீகடத்தியை லாரன்ஸ் மர் குழுவினர் அதே ஆண்டு அறிவித்தார்கள். ஆசை பெரிதாக இருந்தது. ஆனால் அதிர்ச்சியில் படிகங்களுக்குள் குறைகள் பெருகி மீகடத்தும் தன்மை மங்குவதும், ஆக்சிஜன் சூழலில் மீண்டும் சூடாக்கிச் சீர்செய்ய வேண்டியிருப்பதும் பிற்பாடு பல சோதனைகளில் தெரிந்தன. மணிக்கணக்கான உலையைத் தவிர்க்கப் போனவர்கள் உலைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

உலோகம் கலக்காத செராமிக் தூளென்றால் நிலைமை இன்னும் மோசம். உலோகத் துகள் அழுத்தினால் வழியும். செராமிக் துகளுக்கு வழியத் தெரியாது, உடையத்தான் தெரியும். அதைப் பணியவைக்கத் தேவையான அழுத்தம் உலோகத்துக்குப் போதுமானதைப்போல் பல மடங்கு. எல்லாவற்றிலும் முரடு வைரம். அழுத்தம் இல்லாமல் அதிகச் சூட்டில் நின்றால் அது கிராஃபைட்டாக மாறிவிடும். எனவே வைரத் தூளை உலையில் கட்டியாக்குவது கடினம். கால்டெக்கில் பாட்டரும் ஆரன்ஸும், ஜப்பானில் சவாவோக்காவின் குழுவும் 1987-ஐ ஒட்டி அதிர்ச்சி அலையால் வைரத் தூளை இணைத்துக் காட்டினார்கள். சிறு வில்லைகள்தான். ஆனால் துகளுக்குத் துகள் வைரமே பசையாக ஒட்டிய வில்லைகள்.

விரிசலை வெல்ல இருக்கும் நல்ல உபாயம், பொருளை முன்கூட்டியே சூடாக்கி இளக வைத்துவிட்டு அடிப்பது. ஜார்ஜியாவின் திபிலிசியில் இந்தச் சூட்டு வெடிமுறை பல ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வருகிறது. தூள் நிறைந்த குழாயை உலையில் காய்ச்சி எடுத்து வெடிமருந்துக்கு நடுவே சேர்த்ததும் வெடிக்க வைக்கிறார்கள். பழுக்கக் காய்ந்த எஃகையும் வெடிமருந்தையும் ஓரிடத்தில் சேர்க்கும் இந்த வேலைக்குத் துணிச்சலோடு நல்ல திட்டமும் வேண்டும். இதன் உறவுக்கார முறை ஒன்றில் உலையே தேவைப்படுவதில்லை. 1967-இல் மாஸ்கோ அருகே செர்னோகோலோவ்காவில் மெர்ஷானோவ் குழுவினர், சில தூள் கலவைகளை ஒரு முனையில் பற்றவைத்தால் அவை தாமாகவே எரிந்து செராமிக்காக மாறுவதைக் கண்டார்கள். டைட்டானியத் தூளும் கரித்தூளும் இப்படி எரிந்து, 3000 டிகிரி அளவுக்குச் சூடேறி, டைட்டானியம் கார்பைடாகும். ஆனால் கிடைப்பது கடற்பஞ்சு மாதிரி துளைமயம். அது ஆறும் முன் வெடி அழுத்தத்தால் அறைந்து கெட்டியாக்கும் வேலையை அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் 1980-களில் செய்து பார்த்தார்கள். கடினமான, எடை குறைந்த கவசத் தகடுகள்மீது ராணுவத்துக்கு இருந்த ஆர்வம் இதற்குப் பின்னால் இருக்கிறது.

மனிதர் இதையெல்லாம் முயலுமுன்பே இயற்கை இதைப் பெரிய அளவில் செய்து முடித்துவிட்டது. அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் பள்ளத்தில், ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த இரும்பு விண்கல் அங்கிருந்த துளைநிறைந்த மணற்கல்லை என்ன செய்தது என்பதை சூசன் கீஃபர் 1971-இல் ஆராய்ந்து எழுதினார். அடி குறைவாகப் பட்ட இடத்தில் மணிகளுக்கிடையிலான துளைகள் மூடிக்கொண்டு கல் கெட்டிப்பட்டிருந்தது. அடி கூடிய இடங்களில் குவார்ட்ஸ் உருமாறி, உருகிக் கண்ணாடியாகவும் ஆகியிருந்தது. எஃகுக் குழாயை அறுத்துப் பார்த்தவர்கள் மாதிரியின் ஓரத்திலிருந்து நடுவரை கண்ட அதே படிநிலைகள். நிலவில் காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. மணல் படிந்து பாறையாகும் நம்மூர் வழி அங்கே கிடையாது. ஆனாலும் அப்பல்லோ பயணிகள் கொண்டுவந்த 382 கிலோ கல்மண்ணில், நிலவுத் தூசியே ஒட்டி இறுகிய பாறைத் துண்டுகள் நிறைய இருந்தன. விண்கல் மோதல்களின் அதிர்ச்சியில் துகள் விளிம்புகள் உருகி ஒட்டியவை அவை. அங்கே இந்தத் தொழிற்சாலை கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பூமியில் தொழிற்சாலைக் கணக்கு வேறு மாதிரி. வெடியை உலோக வேலைக்குப் பழக்கியதில் பெரிய வணிக வெற்றி தூளுக்குக் கிடைக்கவில்லை, தகட்டுக்குக் கிடைத்தது. ஒரு தகட்டை இன்னொன்றின் மேல் வெடியால் அறைந்து ஒட்டும் முறைக்கு 1960-களில் டூபாண்ட் நிறுவனம் காப்புரிமை பெற்றது. அலுமினிய மேற்கட்டுமானத்தை எஃகுக் கப்பலோடு இணைக்கும் பட்டைகள் இன்றும் இப்படித்தான் வருகின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இந்த வெடிவழி இணைப்பு நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சிலிக்கன் கார்பைடு துகள்களைத் தூவி வெடியால் ஒட்டும் சோதனைகளும் அங்கே நடந்திருக்கின்றன. தகட்டு முறைக்கும் தூள் முறைக்கும் நடுவில் நிற்கும் முயற்சி என்று அதைச் சொல்லலாம். இருபது விழுக்காடு சிலிக்கன் கார்பைடு கலந்த அலுமினியத் தூளை வெடியால் கட்டியாக்கும் ஆய்வுகளை இந்திய உலோகவியலாளர்கள் 1990-களில் வெளியிட்டார்கள். வெடிமருந்தின் எடைக்கும் தூளின் எடைக்கும் உள்ள விகிதத்தை மாற்றி மாற்றி, எந்த இடத்தில் அடர்த்தி உச்சம் தொடுகிறது, எங்கே விரிசல் தொடங்குகிறது என்று தேடுவதே இத்தகைய ஆய்வுகளின் அன்றாட வேலை. ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் வெடிமருந்துக்கும் தூளுக்கும் இடையே தண்ணீரை வைத்தார்கள். அலை நீர் வழியே வரும்போது, வெடிவாயுவின் சூடு தூளைத் தீண்டாமல் அழுத்தத்தை மட்டும் விருப்பம்போல் அளந்து கொடுக்க முடிகிறது.

இவ்வளவு இருந்தும் தூள் முறை ஏன் பரவலாகவில்லை? ஒரு காரணம் போட்டி. சூடான மந்த வாயுவால் எல்லாப் பக்கமும் அழுத்தித் தூளைக் கட்டியாக்கும் முறை 1955-இல் அமெரிக்காவின் பட்டேல் ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. அது மெதுவானது, செலவு பிடிப்பது. ஆனால் நகரத்துக்குள் ஒரு கட்டிடத்தில் வைத்து, வேண்டிய வடிவங்களில், நாளுக்கு நாள் ஒரே தரத்தில் செய்யலாம். வெடிமுறைக்கு உரிமம் வேண்டும், ஊருக்கு வெளியே திடல் வேண்டும், ஒவ்வொரு வெடிக்கும் புதுக் குழாய் வேண்டும். கிடைக்கும் வடிவமும் பெரும்பாலும் உருளைதான். அதன் இரு முனைகளிலும் அலைகள் சீராக இல்லாததால் அந்தப் பகுதிகளை வெட்டி எறிய வேண்டும். மிச்சமுள்ள நடுப்பகுதியைக் கடைந்து உருக்கொடுக்க வேண்டும்.

அதனால் வெடிக்காரர்கள் இப்போது உலைக்கு எட்டாத பொருள்களைத் தேடிப் போகிறார்கள். நானோ படிகத் தூள்கள் அதில் முதலிடம். ஒரு மைக்ரோமீட்டரில் பத்திலொரு பங்கைவிடச் சிறிய படிகங்களால் ஆன உலோகம், சாதாரண உலோகத்தைவிடப் பன்மடங்கு உறுதியாக இருக்கும். ஆனால் உலையில் வைத்தால் சிறு படிகங்களைப் பெரிய படிகங்கள் விழுங்கி வளர்ந்துவிடும். அந்த வளர்ச்சிக்கு வேண்டிய நிமிடங்களை வெடி தருவதில்லை. தூள் எவ்வளவு நுண்மையாகிறதோ அவ்வளவு கூடுதலாகத் துகள்களின் மேற்பரப்பு, அவ்வளவு கூடுதலாக ஆக்சைடு. அதே சூட்டை அத்தனை மேற்பரப்புக்கும் பங்கிட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு துகளின் தோலும் உருக அழுத்தத்தை ஏற்றியாக வேண்டும். அழுத்தம் ஏறினால் விரிசலும் ஏறும். இப்போது நடக்கும் சோதனைகளில் பெரும்பகுதி இந்த இழுபறியில்தான் கழிகிறது.